கைப்பிடிச் சுவரில் முளைத்த இச்சி: பத்து வருடப் போன்சாய் வளர்ப்பின் பதிவு

2014 ஜூலையில் நங்கநல்லூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய வீட்டை இடித்தார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மழைநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு இச்சிக் கன்று நின்றது. கட்டைவிரல் பருமன், மூன்றடி உயரம், குழாயோடு ஒட்டிச் செங்கல் இடுக்கெல்லாம் வேர். சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி என்னைப் பார்த்து, "இது லேசுல சாவாது தம்பி, ஆசிட் ஊத்தினாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்" என்றார். "சாகடிக்க வேணாம்ணே, வேரோட எனக்குக் குடுத்துடுங்க" என்றேன். இரண்டு வரிசைச் செங்கல்லை உளியால் நிதானமாகத் தட்டி எடுத்து, வேர் அறுபடாமல் கையில் கொடுத்தார். அந்தக் கன்றை ஆழமில்லாத தட்டில் குள்ள மரமாக, போன்சாயாக, வளர்த்த கதைதான் இது.

2024 கடைசியில் மரத்தின் உயரம் 40 செ.மீ. மண்மட்டத்தில் வேரடியின் அகலம் 15 செ.மீ. தழையின் விரிவு 58 செ.மீ. படமாகப் பார்ப்பவர்கள் நேராக இந்த இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முதல் இரண்டரை வருடம் நான் கிளைகளில்தான் வேலை செய்தேன். அந்தக் கிளைகளில் ஒன்றுகூட இன்று மரத்தில் இல்லை. வேர், அப்புறம் அடிமரம், அப்புறம் கிளை, கடைசியில் இலை என்ற வரிசையை நான் தலைகீழாகத் தொடங்கியதால் போன வருடங்கள் அவை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மரத்தைப் பற்றி முதலில். இச்சி என்று நம் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைச் சொல்வார்கள். இதன் தாவரவியல் பெயர் ஃபைகஸ் மைக்ரோகார்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதன் பங்காளிகள். இலை தடிப்பாக, பளபளப்பாக, ஐந்து முதல் எட்டு செ.மீ. நீளத்தில் இருக்கும். பழம் காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். பழத்துக்குள்ளேயே பூ. அதற்குள் புகுந்து மகரந்தம் சேர்ப்பது இந்த மரத்துக்கென்றே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவி. குயிலும் மைனாவும் பழத்தைத் தின்று எச்சமிட, விதை சுவரிலும் கோபுரத்திலும் முளைக்கிறது. கோபுரத்துக்கு இது பெரிய கேடு, கல்லையே நெம்பிவிடும். ஆனால் கல்லிடுக்கில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கும் மரத்துக்கு ஆழமில்லாத தட்டில் வாழ்வது பெரிய பாடே இல்லை. போன்சாய்க்கு இதைவிடப் பொருத்தமான மரம் நம் வெயிலுக்கு எனக்குத் தெரிந்து கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் 25 செ.மீ. உயரத்தில் தண்டை வெட்டினேன். பால் நிற்காமல் வழிந்தது. ஈரத்துணியால் ஒற்றி, வேரின் வெட்டுகளையும் கழுவி, மூன்று மணி நேரம் நிழலில் உலரவிட்டு, செம்மண், ஆற்று மணல், தொழு உரம் கலந்த தொட்டியில் நட்டேன். மேலே பாலித்தீன் உறை. இருபதாம் நாள் தண்டில் நான்கு இடங்களில் சிவந்த முனை தெரிந்தது. அவ்வளவு சுலபமாகப் பிழைத்ததுதான் என் அவசரத்துக்குக் காரணம்.

2015 முழுக்க அலுமினியக் கம்பி சுற்றினேன். தண்டுக்கு ஒரு வளைவு, கிளைகளுக்கு இன்னொரு வளைவு, எல்லாம் படத்தில் பார்த்த பைன் மரம் மாதிரி. ஆகஸ்டில் வெளியூர் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்பினால், கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. குளிர்நாட்டு மரங்களுக்குப் பல மாதம் கம்பி இருக்கலாம் என்று படித்ததை நம்பியிருந்தேன். சென்னை ஆகஸ்டில் இச்சி ஆறு வாரத்தில் கம்பியை விழுங்கிவிடும். அன்று வெட்டி எடுத்த கம்பியின் சுருள் தழும்பு இரண்டு கிளைகளில் கடைசிவரை போகவில்லை. இப்போதெல்லாம் கம்பி கட்டிய தேதியைத் தொட்டியின் விளிம்பில் பெயிண்டால் எழுதிவிடுகிறேன். இருபத்தோராம் நாள் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஊரெங்கும் மரங்கள் சாய்ந்த அன்று மதியம் என் தொட்டியும் மாடித் திண்டிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. உச்சிக் கிளை முறிந்திருந்தது. மறுநாள் மண் உருண்டையைப் பொறுக்கி எடுத்து, ஒரு பக்கெட் தண்ணீரில் அலசியபோதுதான் முதன்முறையாக வேரை முழுதாகப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி வளர்ந்த மரம் அல்லவா, எல்லா வேரும் ஒரே பக்கம், விசிறி மாதிரி தட்டையாக இருந்தன. மறுபக்கம் மொட்டை. நான் இரண்டு வருடமாகக் கிளைக்கு வளைவு கொடுத்துக்கொண்டிருந்தது, பாதி அடி இல்லாத ஒரு மரத்துக்கு. முன்னால் எந்தப் பக்கம் திருப்பினாலும் மண்ணில் குச்சி சொருகிய மாதிரிதான் தெரியும்.

சரி, இனி வேர்தான் என்று அன்று முடிவு செய்தேன். மரம் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகத் தழையை மட்டும் விட்டுவிட்டு, பழைய கம்பி, பழைய திட்டம் இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

வேர் ஒட்டு

மொட்டையான பக்கத்தில் வேர் வரவழைக்க இரண்டு வழி. பட்டையைக் கீறி வேர் ஊக்கி தடவிப் பாசியால் மூடிக் காத்திருப்பது ஒன்று. வேர் பிடித்த இளம் போத்துகளை, அதாவது வெட்டி ஊன்றிய குச்சிகளை, அடிமரத்தோடு ஒட்டிவிடுவது மற்றது. முதல் வழியில் வேர் எங்கே வரும் என்பது மரத்தின் விருப்பம். இரண்டாவதில் அது நம் கையில். ஆல் குடும்பத்து மரங்களுக்கு ஒன்றோடொன்று உரசினாலே ஒட்டிக்கொள்ளும் குணம் இருப்பதால் இரண்டாவதை எடுத்தேன்.

2017 பிப்ரவரியில் இதே மரத்திலிருந்து பென்சில் பருமனில் ஏழு போத்து வெட்டி, ஆற்று மணல் நிரப்பிய டம்ளர்களில் ஊன்றினேன். வேறு மரத்துப் போத்து வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஒட்டிய பிறகு பட்டையின் நிறமும் இலையும் மாறித் தெரிந்தால் அந்த ஒட்டு காலத்துக்கும் ஒட்டாகவே தெரியும். ஐந்து வாரத்தில் ஐந்தில் வேர் வந்துவிட்டது.

ஜூன் மாதம், மழை தொட்ட ஒரு வாரத்தில், மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். மொட்டைப் பக்கத்தில் அடிமரத்தில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன உளியால் ஐந்து காடிகள் வெட்டினேன். ஒவ்வொன்றும் போத்தின் பாதிப் பருமன் உள்ளே அமரும் ஆழம். போத்தின் ஒரு பக்கத்துத் தோலை பிளேடால் சீவினால், பச்சைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக, வழுவழுப்பாக ஒரு படலம் தெரியும். காடியின் ஓரத்திலும் அதே படலம் இருக்கும். இரண்டும் தொட்டால்தான் ஒட்டும். மற்றதெல்லாம் எவ்வளவு இறுக்கினாலும் வெறும் கட்டுதான். பால் வழிந்து இடத்தை மறைத்துக்கொண்டே இருக்கும். ஒற்றுவது, அமர்த்துவது, குண்டூசியால் நிறுத்துவது, உடனே சைக்கிள் டியூபில் கீறிய ரப்பர் நாடாவால் சுற்றுவது. ஒரு போத்துக்கு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்தையும் முடித்தபோது விரல்கள் பாலில் ஒட்டிப் பிரிக்க முடியாமல் இருந்தன. தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் போக்கினேன்.

மண்ணால் மூடிவிட்டு எட்டு மாதம் தொடவே இல்லை. போத்துகளின் தலையை வெட்டாமல் வளரவிட்டதுதான் இதில் முக்கியம். தலை ஓங்க ஓங்க அதன் அடி பருத்து, காடியின் சுவரை நெருக்கி, தானாக ஒட்டை இறுக்கிக்கொள்கிறது. 2018 பிப்ரவரியில் திறந்து பார்த்தேன். நான்கில் ஒட்டு இருந்த இடம் புடைத்து, எது போத்து எது மரம் என்று கோடு தெரியவில்லை. ஒன்று கையோடு வந்துவிட்டது. அதன் காடி உள்ளே காய்ந்து கறுத்திருந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்து வேரின் ஒரு கிளையைத் திருப்பி விட்டேன். ஒட்டிய நான்கின் தலைகளையும் அன்றே ஒட்டுக்கு மேலே சமமாக வெட்டி எடுத்தேன்.

அதே நாள் செங்குத்தாகக் கீழே போகும் வேர்களை எல்லாம் அடியோடு அறுத்தேன். மாடியில் பதிக்கும் தட்டோடு என்ற தட்டை ஓடு ஒன்றை அடியில் வைத்து, அதன் மேல் மரத்தை உட்காரவைத்து, வேர்களைச் சக்கர ஆரம் மாதிரி எல்லாப் பக்கமும் பரப்பிக் கட்டினேன். கீழே போக வழியில்லாத வேர் பக்கவாட்டில்தான் போகும். தொட்டிக்குப் பதில், சித்தாள் கலவை சுமக்கும் பெரிய இரும்புப் பாண்டில் துளையிட்டுப் பயன்படுத்தினேன். மண்ணும் மாறியது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மாடியிலேயே அந்தச் செம்மண் கலவை ஒரு வாரம் சேறாக நின்றதை மறக்கவில்லை. இப்போது மூன்று முதல் ஆறு மி.மீ. வரை சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, தேங்காய் நார்த்துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. சலித்த பிறகு கீழே நிற்கும் தூளைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூள்தான் வடிகாலை அடைக்கிறது. இறக்குமதி மண்ணுக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை என்பது என் அனுபவம். உடைந்த செங்கல் இல்லாத தெரு சென்னையில் ஏது.

அடிமரமும் ஒரு பெரிய வெட்டும்

போன்சாயின் அடிமரம் கீழே பெருத்து மேலே சிறுக்க வேண்டும். வெட்டிக்கொண்டே இருந்தால் அது பெருக்காது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. எந்தக் கிளையில் இலை அதிகமோ, அந்தக் கிளைக்குக் கீழே உள்ள தண்டு முழுவதும் கட்டை சேர்ந்து பருக்கும். அதனால் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் பின்பக்கமாக இருந்த ஒரு கிளையை மட்டும் கையே வைக்காமல் விட்டேன். பின்னால் வெட்டி எறியப்போகும் கிளைதான் அது. நான் தீனிக்கிளை என்று சொல்வேன். 2018 கடைசியில் அது ஆறடி போய், துணி காயப்போடும் கொடியைத் தொட்டது. வீட்டில் எல்லோரும் வெட்டச் சொன்னார்கள். நான் கொடியை நகர்த்திக் கட்டினேன்.

2019 கோடையை எங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும்போது மரத்துக்குத் தண்ணீர் என்று பேசவே கூச்சமாக இருந்தது. போர்வெல்லில் வந்ததும் உப்பு. அதை ஊற்றிய மூன்றாம் வாரத்தில் இலை நுனிகள் பழுப்பாகக் கருகின, பாண்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்போது அம்மாதான் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட் வைத்துப் பிடித்துக் கொடுத்தார். காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் தண்ணீர் அது, உப்பே இருக்காது. ஒரு இரவுக்கு அரைப் பக்கெட் சேரும், மரத்துக்கு அது போதும். ஆர்.ஓ. கழிவுநீரைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் சாதாரணத் தண்ணீரைவிட உப்பு அதிகம், தொட்டிச் செடிக்கு ஆகாது. அந்த வருடம் மரத்தில் ஒரு வெட்டுகூடப் போடவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்திடம் வேலை வாங்கக்கூடாது.

கொரோனா ஊரடங்கு இருந்த 2020 ஜூனில் தீனிக்கிளையை வெட்டினேன். அதற்குள் வேரடியின் அகலம் 4 செ.மீ.யிலிருந்து 9 செ.மீ. ஆகியிருந்தது. வெட்டுவாய் மட்டும் மூன்றரை செ.மீ. தண்டோடு சமமாக வெட்டினால் போதாது, கிண்ணம் மாதிரி சற்றுக் குடைய வேண்டும். பட்டை நாலாபுறமிருந்தும் உருண்டு வந்து மூடும்போது அதற்கும் ஒரு கனம் உண்டு. குடையாமல் விட்டால் அந்த இடம் வீங்கித் தெரியும். குடைந்த பள்ளத்தில் தென்னைக்குப் பூசும் போர்டோ பசையைத் தடவினேன். இச்சியின் கட்டை மென்மையானது, திறந்து விட்டால் மழைக்காலத்தில் உளுத்துப்போகும். காயம் முழுக்க மூட 2022 ஜனவரி ஆனது. இன்று தேடினால் பின்பக்கம் உதடு மூடிய மாதிரி ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

கிளைகள், இந்த முறை

பெரிய வெட்டுக்குப் பிறகு தண்டெங்கும் இருபதுக்கு மேல் துளிர்கள் வந்தன. ஆறை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளினேன். வளைவின் உட்பக்கம் வந்தவை, ஒரே மட்டத்தில் எதிரெதிராக வந்தவை, நேர் முன்னால் வந்தவை எல்லாம் போயின.

பைன் மரத்துத் தட்டுத் தட்டான அடுக்கை இச்சியில் செய்வதை நான் விட்டுவிட்டேன். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்து பார்த்தது இதற்கு ஒரு காரணம். 1989இல் அதன் தாய்மரம் புயலில் சாய்ந்தது. விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. கிளை தாழ்ந்து, நீண்டு, நுனியில் மெல்ல எழுந்து, ஒரு குடை மாதிரி விரிவதுதான் இந்தக் குடும்பத்தின் நடை. அந்த நடையில் இருக்கும் மரத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நிழலில் உட்காரலாம் என்று தோன்றும்.

தென்சீனத்து லிங்நான் முறையில் கம்பியை நம்பாமல் வெட்டி வெட்டியே கிளைக்கு வடிவம் கொடுப்பார்கள். அதைப் பின்பற்றினேன். முதல் துண்டு வேண்டிய பருமன் வரும்வரை ஓடவிட்டு, இரண்டு கணு வைத்து வெட்டுவது. அடுத்த துளிர் வேறு திசையில் போகும். அது முதல் துண்டைவிடச் சற்று ஒல்லியாக இருக்கும்போதே அதையும் வெட்டுவது. இப்படி மூன்று துண்டுக்கு இரண்டரை வருடம் ஆனது. கம்பி, முதல் துண்டைக் கீழே சாய்க்க மட்டும். ஒரு எச்சரிக்கை: வெட்டும்போது கிளையில் நான்கைந்து இலையாவது இருக்கட்டும். முழுக்க மொட்டையடித்த கிளையை இச்சி சில நேரம் கைவிட்டுவிடும், அதே தண்டில் வேறெங்கோ துளிர்க்கும்.

2021 மார்ச்சில் கொழுந்து இலைகள் நடுநரம்போடு மடிந்து, செம்பழுப்புப் புள்ளிகளோடு, கொழுக்கட்டை மாதிரி மூடிக்கொண்டன. ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டினால், எள்ளைவிடச் சிறிய கருத்த பூச்சிகள் ஓடின. இலைப்பேன். வேப்பெண்ணெய் தெளிப்பது மடிந்த இலைக்குள் போகாது. மடிந்தவற்றை ஒன்றுவிடாமல் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டு, அதன் பிறகு வரும் கொழுந்தில் வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய் அடித்தேன். ஐந்தாவது வாரம் சுத்தமான கொழுந்து வந்தது.

விழுது

2022 அக்டோபர் மழையில் இடப்பக்கத் தாழ்ந்த கிளையின் அடியில் இரண்டு விழுது எட்டிப் பார்த்தது. நுனி இளஞ்சிவப்பு, மேலே வெளிர்பழுப்பு, நூல் பருமன். காற்றில் ஈரம் இருக்கும்வரை இறங்கும். ஜனவரி வெயில் வந்தால் நுனி காய்ந்து நின்றுவிடும். அதனால் ஜூஸ் கடை ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி விழுதின் மேல் மாட்டி, உள்ளே நனைந்த நார்த்தூளைத் திணித்து, கீழ்முனையை மண்ணில் ஊன்றினேன். தினமும் மேலிருந்து சொட்டுத் தண்ணீர். ஒன்று பத்து வாரத்தில் மண்ணைத் தொட்டது. மற்றது பாதியில் நின்றது.

மண்ணைத் தொட்ட விழுதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்கு இந்தப் பத்து வருடத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம். ஸ்ட்ராவைப் பிரித்தபோது அது கோணல்மாணலாக, தொய்ந்துபோய் இருந்தது. மூன்று வாரத்தில் தொய்வு போயிற்று. ஐந்தாவது வாரம் விரலால் தட்டினால் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. மண்ணில் பிடி கிடைத்ததும் விழுது உள்ளே சுருங்கி, தன்னைத்தானே இழுத்துக் கட்டிக்கொள்கிறது. பாறையில் இறங்கும், ஆல் குடும்பத்து இற்றி மரத்தின் வெள்ளை வேரை மலையிலிருந்து இறங்கும் அருவியாக நம் சங்கப் புலவர் ஒருவர் பார்த்திருக்கிறார். நின்று பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

இலை

2023 மே மாதம் இலையைச் சிறிதாக்க மரத்தை மொட்டையடித்தேன். காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரியால் நறுக்குவது. காம்பு தானாக உதிரும்போது அதன் கக்கத்து மொட்டு விழித்துக்கொள்ளும். நிழல்வலைக்குள் வைத்துத் தண்ணீரைக் குறைத்தேன். இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. பதினெட்டாம் நாள் புது இலை. ஏழு செ.மீ. இருந்த இலை நான்கானது.

இங்கே ஒரு தவறு செய்தேன். வலப்பக்கக் கீழ்க்கிளை மற்றவற்றைவிட நலிந்திருந்தது. மேலே உள்ள தழையின் நிழலிலேயே கிடந்த கிளை. அதையும் சேர்த்து மொட்டையடித்துவிட்டேன். மரமெல்லாம் துளிர்த்தபோது அது மட்டும் துளிர்க்கவில்லை. நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை இல்லை. இரண்டரை வருடம் துண்டு துண்டாகக் கட்டிய கிளை. நலிந்த கிளையின் இலையைத் தொடாமல், வலுத்த கிளையை மட்டும் மொட்டையடித்திருந்தால் இரண்டும் சமமாகியிருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

2024 பிப்ரவரியில் தட்டு மாற்றினேன். புதுச்சேரிப் பக்கம் வனைந்த, மெருகு பூசாத, மண் நிறத் தட்டு. 45 செ.மீ. நீளம், 6 செ.மீ. ஆழம். தட்டோட்டை எடுத்தபோது வேரின் அடிப்பாகம் சப்பாத்தி மாதிரி தட்டையாக இருந்ததால் ஆழமில்லாத தட்டில் அப்படியே அமர்ந்தது. ஒட்டிய நான்கு வேர்களில் மூன்று இப்போது பழைய வேர்களைவிடப் பருமன். வீட்டுக்கு வருகிறவர்கள் எது ஒட்டு என்று இதுவரை சரியாகக் காட்டியதில்லை.

வலப்பக்கத்து இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. செத்த கிளைக்கு ஒரு விரல் மேலே, சென்ற மழையில் தானாக ஒரு துளிர் வந்தது. இப்போது ஒன்றரை அடி நீண்டு, வடிவமில்லாமல், தழையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அடி பென்சில் பருமன் ஆகும்வரை அதை வெட்டப்போவதில்லை.